‘தோணா’வின் கடைசிக் காட்சி

பிளேன்டீக்கு நன்றி. இஞ்சி தட்டிப் போட்டிருக்கிறீர்கள். விசாரணைக்கு வந்தவனுக்கும் இஞ்சி போட்டுக் கொடுக்கும் பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபை இந்தக் கரையில் வேறெங்கும் இருக்காது என்று நினைக்கிறேன்.

தலைவர் ஹாஜியார் கேட்டதற்கு நேராகவே பதில் சொல்கிறேன். கடைக்கார முனாப் வபாத்தாகிவிட்டார் என்ற அறிவித்தலை எழுதியவன் நான். அதைப் பள்ளிவாசலுக்குக் கொடுத்தவனும் நான். அப்போது அவர் உயிரோடு இருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். அன்று காலை அவருடைய வீட்டில் அவரோடு உட்கார்ந்து இடியப்பம் சாப்பிட்டேன். அவர் இரண்டாம் தடவையும் சொதி ஊற்றிக்கொண்டார்.

எனக்கு என்ன தண்டனை என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இன்றைக்கு முக்கியமானது நான் அண்ணனாக மதிக்கும் முனாப் காக்காவின் மகள் ஸில்மியாவின் கலியாணம். அதோ மின்விசிறிக்குக் கீழே இருக்கும் நிந்தவூர் முத்தலிப் ஹாஜியார், முனாப் காக்காவும் நானும் கூட்டுச் சேர்ந்து தன்னிடம் சம்பந்தத்துக்கு வாக்கு வாங்கிவிட்டோம் என்கிறார். கூட்டு இருந்தால் கலியாணம் இல்லை. முனாப் காக்காவுக்கு ஒன்றுமே தெரியாது என்பதை நான் காட்ட வேண்டும். அதற்கு ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் சரி.

‘தோணா’ தொடரை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். பார்க்கவில்லை என்று இந்த மேசையில் சொன்ன இருவரும் பார்த்தீர்கள். ஒருவர் கொலையாளி யார் என்று கேட்டு என் கடைக்கே வந்தீர்கள். கலியாண வீடியோ எடுக்கும் ஸிராஜ் இயக்கினான், நான் கதை எழுதினேன். என் கொம்யூனிகேஷன் கடையில் போட்டோக்கொப்பி எடுக்க ஆள் வராத நேரங்களில் மொழிபெயர்ப்பு நாவல்கள் வாசிப்பேன். பனி விழும் ஊர்களில் கொலைகள் ஒழுங்காக நடக்கின்றன. பனியில் காலடி பதியும், மரணவீட்டுக்கு ஊரே கறுப்புக் கோட்டு போட்டு வரும். நம் ஊரில் பனி இல்லை. ஆனால் ஊருக்குள் ஓடிக் கடலில் விழும் தோணா இருக்கிறது. அதில் வெள்ளிக்கிழமைக்கு ஒரு பிரேதத்தை மிதக்கவிட்டோம். கல்முனை முதல் நிந்தவூர் வரை இஷாத் தொழுகை முடிந்த கையோடு எல்லோரும் போனைத் திறந்தார்கள்.

கொலையாளியாக நடித்தவர் முனாப் காக்கா. நிஜத்தில் அவர் சீனிப் போத்தலில் விழுந்த எறும்பைக் கரண்டியால் தூக்கி வெளியே விடுகிற மனிதர். கறுப்புக் குடையைக் கையில் கொடுத்து, சிரிக்க வேண்டாம் என்று மட்டும் சொன்னோம். அது போதுமாக இருந்தது. மூன்றாம் வாரத்திலிருந்து பிள்ளைகள் அவர் கடைக்கு டொபி வாங்க வருவதை நிறுத்தினார்கள். மழை நாளில் அவர் குடையோடு நடந்தால் தெருவில் கதவுகள் சாத்தப்பட்டன.

அந்த நேரம்தான் முத்தலிப் ஹாஜியாரின் மகன் றிஷாட்டுக்கு ஸில்மியாவைப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஹாஜியார் சொன்ன பதிலை அவர் முன்னிலையிலேயே சொல்கிறேன், பிழை என்றால் திருத்தட்டும்.

“நடிப்பெண்டு எனக்கும் தெரியும். ஆனா கலியாணம் முடிச்சா என்ட மகன் பொண்ணுட ஊட்டுலதானே இரிக்கணும். ராவைக்கு அந்த மனிசன் இரிக்கிற ஊட்டுக்குள்ள என்ட புள்ள எப்பிடி நித்திரை கொள்ளுற?”

இது நியாயமான பயம். மாப்பிள்ளை பெண் வீட்டில் குடியிருக்கும் நம் வழக்கத்தில், மாமனார் யார் என்பது படுக்கையறைக்கு அடுத்த அறையில் இருக்கும் விஷயம்.

தொடரைப் படமாக்கப்போகிறோம், பெருநாளைக்குக் கல்முனையில் ஒரு மண்டபத்தில் பெரிய திரை கட்டிக் காட்டப்போகிறோம் என்று கேள்விப்பட்டதும் முனாப் காக்கா என் கடைக்கு வந்தார்.

“தம்பி, படத்துல என்னக் கொன்னு போடுங்க,” என்றார். “சும்மா சுட்டுப் போட்டாப் போதா. மௌத்தாக்கி, சந்தூக்குல வெச்சி, நாலு பேர் தூக்கிட்டுப் போறதக் காட்டணும். அதப் பாத்தாத்தான் நிந்தவூரார்ர மனசு ஆறும்.”

“ஓம் காக்கா,” என்றேன். அறிவித்தலைப் பற்றி அவரோடு நான் ஒரு வார்த்தையும் கதைக்கவில்லை. கூட்டு என்று நீங்கள் சொல்வதில் அவருடைய பங்கு அவ்வளவுதான்.

இனி வேலையின் சிரமத்தைச் சொல்ல வேண்டும். ஒரு தொடரைப் படமாக்குவது என்பது சுருக்குவது மட்டுமல்ல. போனில் ஐந்து பேர் நின்றால் கூட்டம். பெரிய திரையில் ஐந்து பேர் நின்றால் ஐந்து பேர்தான். தொடரில் ஒரு ஜனாஸா ஊர்வலம் காட்டினோம். ஸிராஜின் மச்சான்மார் கமராவின் முன்னால் போய், வீட்டுக்குப் பின்னால் சுற்றி வந்து, மறுபடி முன்னால் போனார்கள். நீலச் சாரன்காரன் ஒருவன் மூன்று தடவை போனான். ஊர் முழுக்க அவனைக் கேலி செய்தது.

“படத்துல அப்பிடிச் செஞ்சா செருப்பால அடிப்பாங்க மச்சான்,” என்றான் ஸிராஜ். “எனக்குச் சனம் வேணும். தல தலையாத் தெரியணும். அழணும். காசுக்கு வாறவன் அழமாட்டான், போனத்தான் பாப்பான்.”

“அழுற ஆக்கள் வருவாங்க,” என்றேன்.

“எங்கயிருந்து?”

“அத நான் பாத்துக்கொள்றன். நீ கமராவப் பாரு.”

ஸிராஜுக்கும் அதற்கு மேல் தெரியாது. அவன் என்னை நம்பினான்.

ஊரின் மரண அறிவித்தல்களை எழுதுவது என் கடையில்தான் என்பது உங்களுக்குத் தெரியும். பெயர், உறவு, நல்லடக்க நேரம்: நான் எழுதிக் கொடுப்பதைப் பள்ளிவாசல் மோதினார் ஒலிபெருக்கியில் வாசிப்பார், நானே வாட்ஸ்அப் குழுக்களிலும் போடுவேன். இத்தனை வருடத்தில் யாரும் ஒரு தடவைகூட என்னைத் திருப்பிக் கேட்டதில்லை. ஆகவே எழுதினேன். கடைக்கார முனாப் வபாத்தானார். அன்னார் ஜெனூபாவின் அன்புக் கணவரும் ஸில்மியாவின் பாசமிகு தந்தையும் ஆவார். ஜனாஸா அஸர் தொழுகையின் பின் நல்லடக்கம் செய்யப்படும். அதில் ஒரு சொல்தான் பொய். மற்ற எல்லாம் சரியாக இருந்தது.

முனாப் காக்காவின் வீட்டில் எல்லோரும் அது படப்பிடிப்பு என்று நினைத்தார்கள். வாசலால் வந்த எல்லோரும் அது மௌத்து வீடு என்று நினைத்தார்கள். இரண்டு பக்கத்தையும் அறிந்தவன் நான் ஒருவன். குளிப்பாட்டிக் கபனிட்டாயிற்று என்று வாசலில் நின்று சொன்னேன். ஸிராஜின் கமராவையும் மேலே பறந்த ட்ரோனையும் பார்த்துச் சிலர் முகம் சுளித்தார்கள். கட்டாரில் இருக்கும் மச்சான்மாருக்கு நேரலை போகிறது என்றேன். உடனே பலர் ட்ரோனைப் பார்த்துத் தலையசைத்து ஆறுதல் தெரிவித்தார்கள். நல்ல காட்சி அது, படத்தில் வைத்திருக்கிறோம்.

முனாப் காக்கா வெள்ளைத் துணிக்குள் முகத்தில் பவுடரோடு கிடந்தார். ஸிராஜ் ‘கட்’ சொல்லும் வரை அசையக் கூடாது என்பது அவருக்குச் சொல்லப்பட்ட ஒரே விதி. சின்ன வயதில் கடலில் சுழியோடியவர், மூச்சுப் பிடிப்பதில் கெட்டிக்காரர். முகம் பார்க்க வந்தவர்களை நான் அதிக நேரம் நிற்க விடவில்லை.

எனக்கு அக்கா மாதிரியான ஜெனூபா தாத்தா முதலில் கொஞ்சம் செயற்கையாக அழுதார். வந்த பெண்கள் அவரைக் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்ததும் அவருடைய நடிப்பு நன்றாக மேலேறியது. இடையில் குசினிப் பக்கம் வந்து என்னிடம் கேட்டார்.

“தம்பி, இந்த ஆக்கள எங்கயிருந்து புடிச்சீங்க? மருதமுனைப் பொம்புள ஒருத்தி மயங்கியே போயிட்டா. அவவுக்கு ஏதாச்சும் பரிசு குடுக்கணும்.”

“கொடுப்போம் தாத்தா,” என்றேன்.

அயல் வீட்டார் மௌத்து வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாதென்று சோறும் கறியும் கொண்டுவந்து இறக்கினார்கள். ஜெனூபா தாத்தா, படக்காரர்கள் சாப்பாட்டையும் நன்றாகக் கவனிக்கிறார்கள் என்று மகளிடம் சொன்னார். எங்கள் குழுவும் சாப்பிட்டது. மாட்டிறைச்சி மிக நன்றாக இருந்தது.

பிறகு நிந்தவூரிலிருந்து முத்தலிப் ஹாஜியார் வந்தார். நான் அவரை அழைக்கவில்லை, அறிவித்தல் அழைத்தது. அவர் ஜனாஸாவின் தலைமாட்டில் நின்று, தோளில் கிடந்த துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னதை அங்கிருந்த எல்லோரும் கேட்டார்கள்.

“முனாப், நான் ஒன்ன வீணாச் சந்தேகப்பட்டுட்டன். ஒன்ட புள்ளைய என்ட மகனுக்கு நான் முடிச்சு வெக்கிறன். அல்லாஹ் சாட்சி.”

இதைக் கேட்டும் முனாப் அசையாமல் கிடந்தான், ஆகவே அவனும் கூட்டு என்பதுதான் ஹாஜியாரின் வழக்கு. அன்று மாலையே முனாப் காக்காவிடம் நான் இதைக் கேட்டேன். அவர் சொன்னது இது: “ஹாஜியாரையும் நடிக்கக் கூட்டி வந்திட்டீங்க எண்டுதான் நான் நெனச்சன். வசனத்த நல்லாப் பேசினாரு. எனக்குக் கண்ணால தண்ணி வரப் பாத்திச்சு, அடக்கிக்கிட்டன்.”

நான் நம்புகிறேன். ஆனால் ஹாஜியார், “வாயால எதையும் சொல்லலாம்,” என்கிறார். அதுவும் நியாயம். ஆகவே சாட்சியாக இன்னொன்றைச் சொல்கிறேன். இதை நான் சொல்லாமல் விட்டிருக்கலாம். வேறு யாருக்கும் தெரியாது, முனாப் காக்கா உட்பட.

காட்சி வீட்டுக்கு முன்னாலுள்ள சின்ன ஒழுங்கையின் முடிவோடு நிற்கும் என்றுதான் அவரிடம் சொல்லியிருந்தோம். பிரதான வீதிக்கு ஏறுவதில்லை. சந்தூக்கில் வைத்து மூடியைப் போட்டோம், தூக்கினோம். வலப்பக்கம் முன்காலில் தோள் கொடுத்தவன் நான். ஒழுங்கை முடிந்தது. ஸிராஜ் முன்னால் ஒரு ஓட்டோவில் பின்பக்கம் திரும்பி உட்கார்ந்து படமெடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். நான் கையால், போ என்று காட்டினேன்.

வீதிக்கு ஏறினால், இரண்டு பக்கமும் பஸ்கள் நிறுத்தப்பட்டிருந்தன. கடைகளைப் பாதிக்குச் சாத்தியிருந்தார்கள். வெள்ளைத் தொப்பிகள் சந்தி வரைக்கும் தெரிந்தன. அக்கரைப்பற்றுப் பஸ் ஒன்று ஹோர்ன் அடித்தது. அதைக் கேட்டுத்தான் முனாப் காக்காவுக்குக் கணக்குப் புரிந்திருக்க வேண்டும்.

உள்ளேயிருந்து தட்டினார்.

மெதுவாகத்தான். மரியாதையான மனிதர், அடுத்த வீட்டில் சீனி கேட்கத் தட்டுவது போலத் தட்டினார். என் காதுக்கும் பலகைக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளிகூட இல்லை. எனக்குத் தெளிவாகக் கேட்டது. எனக்குக் கேட்டது என்பது அவருக்கு இன்றுவரை தெரியாது.

நான் கலிமாவைச் சற்று உரத்துச் சொன்னேன். கூட்டம் என்னைவிட உரத்துச் சொன்னது. அவர் மறுபடி தட்டினார், இந்தத் தடவை முஷ்டியால். நான் இன்னும் உரத்துச் சொன்னேன். முழு வீதியும் சொன்னது. பின்னால் ஒரு வயோதிபர், “பாருங்க, இந்தப் பொடியனுக்கு எவ்வளவு கவலை,” என்றார். ட்ரோன் அப்போதுதான் மேலே ஏறிக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் அது ஒழுங்கை முனையில் நடந்த ஒரு சின்ன மரணமாகவே போயிருக்கும். அவருடைய கதாபாத்திரம் அதைவிடப் பெரியது. அவருக்காகவும்தான் செய்தேன்.

மீதி உங்கள் கண்முன் நடந்தது. பள்ளிவாசல் முற்றத்தில் இறக்கினோம். தொழுகைக்கு வரிசை கட்ட முன், மையித்து யாருக்காவது அநியாயம் செய்திருந்தால் மன்னித்துக்கொள்ளும்படி மௌலவி கேட்டார். எல்லோரும், “மன்னிச்சம்,” என்றார்கள். ஒருவர் மட்டும், “தோணாவுல செஞ்சதையும் மன்னிச்சம்,” என்றார். அப்போது மூடி தள்ளப்பட்டது. முனாப் காக்கா வேர்வையில் பவுடர் கரைந்த முகத்தோடு எழுந்து உட்கார்ந்தார்.

“தம்பி,” என்று கேட்டார், “கட் சொல்லியாச்சா? எனக்குக் காத்து இல்ல.”

முற்றம் காலியாக எடுத்த நேரம் மிகக் குறைவு. செருப்புகளை விட்டுவிட்டு ஓடினார்கள். முத்தலிப் ஹாஜியார் மட்டும் ஓடவில்லை. தைரியத்தால் அல்ல, அவருடைய கால் வரவில்லை. முனாப் காக்கா கபன் துணியோடு இறங்கிப் போய் அவருக்குத் தண்ணீர் பருக்கினார். வாக்கும் நிஜம்தான் என்று சந்தூக்குக்குள்ளேயே அவருக்கு விளங்கியிருக்க வேண்டும், அந்த இடத்திலேயே, “சம்பந்தி” என்று கூப்பிட்டார். அதைத்தான் ஹாஜியார் இப்போது சூழ்ச்சி என்கிறார்.

ஹாஜியார், சூழ்ச்சியில் பங்காளியாக இருந்தவன் எதற்காக உள்ளேயிருந்து தட்ட வேண்டும்? திட்டம் முழுக்கத் தெரிந்தவன், மூச்சு முட்டும் வரை பொறுத்து, கை நோகத் தட்டுவானா? சந்தூக்கின் உள்பக்கத்தில் அவருடைய மோதிரம் கீறிய அடையாளம் இருக்கிறது. மோதினாரிடம் சொல்லித் திறந்து பாருங்கள். அவர் தட்டினார், நான் கேட்டேன், கேட்டுக்கொண்டே நடந்தேன். கூட்டு இல்லை. நான் மட்டும்தான். நீங்கள் ஒரு நல்ல மனிதருக்கு வாக்குக் கொடுத்தீர்கள், அந்த மனிதர் இப்போதும் நல்லவராகவே இருக்கிறார். ஒரே வித்தியாசம், உயிரோடு இருக்கிறார்.

நீங்கள் தலையசைக்கிறீர்கள். நன்றி ஹாஜியார். றிஷாட்டிடம் சொல்லுங்கள், அந்த வீட்டில் நிம்மதியாக நித்திரை கொள்ளலாம்.

இல்லை, தலைவரே, அவர் மூடியைத் தள்ளாமல் இருந்திருந்தால் நான் எங்கே நிறுத்தியிருப்பேன் என்ற கேள்வி எனக்குக் கொஞ்சம் மனவருத்தம் தருகிறது. நான் கதை எழுதுகிறவன், கொலைகாரன் அல்ல. முற்றத்தைத் தாண்டிக் கொண்டுபோகும் எண்ணம் எனக்கு ஒருபோதும் இருந்ததில்லை. மையவாடியில் அவருக்கென்று வெட்டிய கபுறுக் குழியை மூட முன், உள்ளே வானத்தைப் பார்த்தபடி நான் வைத்த சின்னக் கமராவை மட்டும் யாராவது எடுத்துத் தந்தால் போதும். மழை வரும் போல இருக்கிறது.