குடத்துக்கு ஊசி இல்லை

காபி நன்றாக இருக்கிறது, சார். சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல். பரவாயில்லை, என் வாக்குமூலத்தை எழுதிக்கொள்ளுங்கள். என் பெயர் இசக்கிமுத்து. மந்தைவெளியில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். எங்கள் தெருச் சங்கத்துக்கு நான்தான் செயலாளர்.

கொரோனா தடுப்பூசி முகாம் எங்கள் தெருக் கல்யாண மண்டபத்தில் நடந்தது. பந்தல், மின்விசிறி, நீர்மோர் எல்லாம் சங்கத்துச் செலவு. முதல் முகாமில், பக்கத்துக் கடற்கரையிலுள்ள நொச்சிக்குப்பத்து மீனவ ஜனங்கள் இருட்டோடு வந்து வரிசையைப் பிடித்துக்கொண்டார்கள். மருந்து அவர்களோடு தீர்ந்தது. என் மனைவி தங்கபுஷ்பம் வெயிலில் நின்றுவிட்டு, ஊசி போடாமலே வீட்டுக்கு வந்தாள். எனக்கு வயிறு எரிந்தது, சார். சோறு இறங்கவில்லை. நம் பந்தலில் உட்கார்ந்து, நம் மோரைக் குடித்துவிட்டு, நம் பங்கையும் வாங்கிக்கொண்டு போவார்களாம். நாம் வேடிக்கை பார்க்க வேண்டுமாம்.

இரண்டாவது முகாமன்று அவர்கள் வரிசையில் குடம் வைத்துவிட்டுப் போனார்கள். தண்ணீர் லாரிக்கு வைப்பார்களே, அதே பிளாஸ்டிக் குடங்கள். படகு கரைக்கு வரும் நேரம் அது. மீன் ஏலத்துக்குப் போகாவிட்டால் அன்றைய பிழைப்பு போச்சு. அவர்கள் தலை மறைந்ததும் எங்கள் தெரு ஆட்களைக் கூப்பிட்டு நிற்க வைத்தேன். குடங்களைத் தூக்கிச் சுவரோரம் அடுக்கினேன். ஒன்றில்கூடக் கீறல் விழவில்லை. நிற்கிற ஆளுக்குத்தானே டோக்கன்? இதில் என்ன அநியாயம்?

கோவிந்தம்மா எங்கள் வீட்டுக்கு மீன் கொடுப்பவள். ஏலம் முடிந்து, புருஷன் தேசப்பனை ஆட்டோவில் கூட்டி வந்தாள். அவருக்கு நுரையீரல் பழுது. நோய் வந்தால் தாங்க மாட்டார், சீக்கிரம் ஊசி போடுங்கள் என்று டாக்டர் சொன்னதை அவள் என்னிடமே பலமுறை சொல்லியிருக்கிறாள்.

"என் குடம் எங்க சார்?"

"குடத்துக்கு ஊசி கிடையாதும்மா. ஆளு நிக்கணும்."

"அந்த ஆளால நிக்க முடியாதுன்னு உனக்குத் தெரியாதா? எனக்கு வேணாம் சார். அவருக்கு மட்டும் போடச் சொல்லு. மூச்சு வாங்கிக்கினு கீறாரு, பாரு."

"எல்லாருக்கும் ஒரே சட்டம்தான்."

"இன்னா சார், நேத்து நீ..." என்று ஆரம்பித்தாள். நான் மைக்கில் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன். இருவரும் வரிசையின் கடைசியில் போய் நின்றார்கள். அவர்கள் முறை வருமுன்பே மருந்து தீர்ந்துவிட்டது.

அடுத்த மாதம் தேசப்பனுக்கு நோய் வந்தது. ஆஸ்பத்திரியிலேயே போய்விட்டார். எங்கள் கடையிலிருந்து நல்ல எட்டு முழ வேட்டி ஒன்று கொடுத்தனுப்பினேன். அதை அவள் என் கடை வாசலில் எறிந்துவிட்டு, வாடிக்கையாளர்கள் முன்னால் என்னைக் கொலைகாரன் என்றாள். இத்தனை வருஷம் பேரம் பேசாமல் மீன் வாங்கியவனைப் பார்த்து. அந்தக் கோபம் இன்னும் எனக்கு ஆறவில்லை, சார்.

அவள் என் மேல் கொடுத்த புகாரில் சொல்லியிருப்பது பொய்யில்லை. மறைக்க எனக்கு ஒன்றுமில்லை. முகாமுக்கு முந்தின நாள் மீன் கொடுக்க வந்தபோது, "அவரை எப்படி சார் வரிசையில நிக்க வெக்கிறது?" என்று கேட்டாள்.

"எதுக்கு நிக்கணும்? குடத்தை வச்சிட்டு ஏலத்துக்குப் போ. முறை வரும்போது அவரைக் கூட்டிட்டு வா. குப்பத்துல எல்லார்ட்டயும் அப்படியே சொல்லு, நான் பாத்துக்கிடுதேன்" என்றேன்.

சொல்லும்போதே தெரியும், சார், காலையில் என்ன செய்யப் போகிறேன் என்று. தேசப்பன் முகமும் ஞாபகத்தில் இருந்தது.

எழுதிவிட்டீர்களா? அப்படியே இதையும் எழுதிக்கொள்ளுங்கள். அன்றைக்கு எங்கள் வரிசையில் ஒருத்தர்கூட முண்டியடிக்கவில்லை.