பயத்துக்குக் கட்டின நூல்

ஓம் தங்கச்சி, பயத்துக்குக் கட்டின நூல்தான். ஆனா இது என்ட இல்ல, மகள்ட. அந்தா, ஆஸ்பத்திரி யன்னல்ல தொங்கிக்கிட்டு வாவியப் பார்க்கிறாளே, மஞ்சள் சட்டை, அவள்தான். உங்கட மகனுக்கும் கட்டியிரிக்கிறீங்க போல. ம்... பயந்ததெண்டுதான் சொன்னாங்களா? எங்களுக்கும் அப்பிடித்தான் சொன்ன.

சுனாமி வந்தண்டைக்கு இவள் என்ட வயித்துக்குள்ள. கடற்கரையில இரிந்து வயித்தப் புடிச்சிக்கிட்டு ஓடினன்கா. ஒரு தென்னையக் கட்டிப் புடிச்சித்தான் உசிர் தப்பின. அதால, இவள் பிறந்த உடனேயே மாமி சொல்லிட்டா, இது வயித்துக்குள்ளேயே பயந்த புள்ள எண்டு. நானும் நம்பினன். ஏன் நம்பமாட்டன்? பயந்தவள் நான்தானே.

மறுகா சண்டை, செல்லடி. வாவிக்கு அங்கால படுவான்கரைக்கு அடிக்கிற ஒவ்வொரு செல்லுக்கும் எங்கட வீட்டு ஓடு அதிரும். இவள் பாயில மூத்திரம் போவாள். காய்ச்சல் வரும். தலையிடிக்கிதெண்டு அழுவாள். நெஞ்சில கைய வெச்சா, புடிச்சி வெச்ச கோழிக்குஞ்சு மாதிரித் துடிக்கும். எல்லாத்துக்கும் நாங்க வெச்ச பேர் ஒண்டுதான், பயம். அம்மன் கோயில்ல பூசை செய்யிற கட்டாடியார் வேப்பிலையால தடவி, தண்ணி ஓதித் தந்து, இந்த நூலக் கட்டினார். சண்டை ஓய்ஞ்சா எல்லாம் சரியாகும் எண்டார். அவரக் குறை சொல்லேலாது. எங்கட பக்கம் அப்ப பயப்படாத புள்ள எங்க இரிந்த?

இந்த வருசம் சண்டை முடிஞ்சி போச்சி. ரோட்டில வெடி கொளுத்தினாங்க, அண்டைக்கும் கதவச் சாத்திட்டுத்தான் இரிந்தம். பிறகு ஒரு சத்தமும் இல்ல. ஆனா இவள்ட நெஞ்சு மட்டும் ஓயல்ல. சத்தமில்லாத ஊரில, நித்திரையில கிடக்கிற புள்ள எதுக்குக்கா பயப்படப் போகுது? அப்பதான் இவளத் தூக்கிக்கிட்டு இங்க வந்தன்.

டொக்டர் முதல்ல மூத்திரத்தத்தான் சோதிச்சார். மறுகா ஸ்கேன். ஒரு கிட்னி பிறவியிலேயே சரியா வளரல்லையாம். மத்தப் பக்கம் மூத்திரம் கீழ இறங்காம கிறுகி மேல ஏறுதாம். அதாலதான் காய்ச்சலாம், கிட்னியில தழும்பாம், அந்தத் தழும்பால பிரசராம். சின்னப் புள்ளைக்குப் பிரசரா எண்டு கேட்டன். வயசாளிகளுக்கு வாறதெண்டுதானே நாங்க நினைச்ச. அந்தப் பிரசருக்கு இதயம் தள்ளித் தள்ளி, அதுட சுவர் தடிச்சிரிக்கோ எண்டு பார்க்கணும் எண்டார். கையில பட்டி சுத்தி அளக்கிறதுக்கு நூல் தடக்கிச்சி, கழட்டச் சொன்னாங்க. எறிய மனம் வரல்ல தங்கச்சி, என்ட கையில கட்டிட்டன்.

நெஞ்சப் படம் புடிச்சாச்சி. இண்டைக்கு முடிவு சொல்லுவாங்க.

ஐயோ, நீங்க எழும்பிடாதீங்க. இருமலுக்கு மருந்து கிடைச்சிட்டு, வீட்ட போறன் எண்டு சொல்லாதீங்க. மகன் பாயில மூத்திரம் போறான், அடிக்கடி தலையிடிக்கிது எண்டு நீங்கதானே இப்ப சொன்ன. நூல் இரிக்கட்டும், வேணாமெண்டு சொல்லல்ல. பிரசரையும் ஒருக்கா அளந்து பார்க்கச் சொல்லிக் கேளுங்க. வெக்கப்படாமக் கேளுங்க.

என்ன? அந்த வெள்ளை உடுப்பு மிஸ்ஸி கூப்பிடுற பேரா? விதுர்ஷா... ஓம், கேக்குது. முதல்தரம் கூப்பிடக்குள்ளேயே கேட்டது. என்ட மகள்ட பேர்தான்கா. எழும்பினா உள்ள போய் முடிவக் கேக்கணுமே. அதுதான் இவ்வளவு நேரமும் உங்களப் புடிச்சி வெச்சிக் கதைச்ச.

இந்தா, அவளே வாறாள். அம்மா எழும்புங்க, என்னையத்தான் கூப்பிடுறாங்க எண்டு கையப் புடிச்சி இழுக்கிறாள். பாருங்க தங்கச்சி, இவளுக்கு ஒரு பயமும் இல்ல.