நாலாவது ஓஸு

அங்கம்மா: இன்னும் பேனட்டே தொறக்கல, அதுக்குள்ள கார்பரேட்டர் போச்சுன்னு எத்த வெச்சி சொல்ற ரஷீது?

ரஷீது: சத்தத்த கேட்டாலே தெரியும்க்கா. ஏறுது, எறங்குது, ஏறுது, எறங்குது… இஸ்பு வந்த கெயவன் மாறி மூச்சு வாங்குது. முப்பத்தஞ்சு வருசத்து பெட்ரோல் ஜீப்பு. இனிமே இத்த வெச்சிகினு இன்னா பண்ண போற?

அங்கம்மா: இத்தினி நாளு இன்னா பண்ணேனோ அத்த தான். கரைக்கு வர்ற போட்ட கயிறு கட்டி மண்ல மேல இஸ்து உடுவேன்.

ரஷீது: அதான் உன் கொயுந்தன் பிரகாஷு டிராக்டர் வாங்கிகீறானே. அவன் இஸ்துட்டு போறான்.

அங்கம்மா: என் புருசனோட தம்பி இன்னா வாங்கிகீறான்னு எனக்குத் தெரியாதா? நீ பேனட்ட தொற.

ரஷீது: தண்டையார்பேட்டைல இத்தினி கடை கீது. எண்ணூர்லேர்ந்து நின்னு நின்னு உருட்டிகினு என்கிட்டயே வரணுமாக்கா?

அங்கம்மா: போன வாரம் சர்வீஸ் பண்ணது நீ தான?

ரஷீது: …தோ, தொறக்கறேன். ஊர்ல ஓடும்போது எப்டி கீது? நிக்குதா?

அங்கம்மா: ரோட்ல மெதிச்சிகினே இருந்தா ஓடுது. கால எடுத்தா ஆஃப் ஆவுது. மண்ல அத்துக்கும் மேல.

ரஷீது: மண்ல இன்னா ஆச்சு?

அங்கம்மா: சனிக்கெயம உங்கிட்டேர்ந்து எடுத்துகினு போனேன். திங்கக்கெயம காலைல ஆறு போட்டு ஒண்ணா கரைக்கு வந்துச்சு. மொத போட்டுக்கு கயிறு கட்டி, ஃபர்ஸ்ட் கியர் போட்டு கிளட்ச்ச உட்டேன். ஆஃப். திரும்ப ஸ்டார்ட் பண்ணேன். ஆஃப். மூணாவது வாட்டி பண்றதுக்குள்ள அலை வந்து போட்ட குறுக்க சாய்ச்சிடுச்சு. புடிச்ச மீனு பாதி தண்ணியிலயே போச்சு.

ரஷீது: போனா போவுது, மீனு தான…

அங்கம்மா: பாஸ்கல் காலு உள்ள மாட்டிகிச்சு.

ரஷீது: எந்த பாஸ்கலு?

அங்கம்மா: போட்ட தோள் குடுத்து தள்ளிகினு இருந்தவன். சாய்ஞ்சப்ப போட்டுக்கும் மண்ணுக்கும் நடுவுல காலு. எலும்பு ஒடையல. ஆனா சதை கியிஞ்சி ஒம்போது தையலு.

ரஷீது: …எனக்கு யாரும் சொல்லலியே.

அங்கம்மா: உங்கிட்ட எதுக்கு சொல்லணும்?

ரஷீது: இல்ல… சும்மா தான் கேட்டேன்.

அங்கம்மா: அப்பால பிரகாஷு டிராக்டரோட வந்தான். ஸ்டார்ட் பண்ணி ரெடியா வெச்சிகினு இருந்தவன் மாறி வந்தான். ஆறு போட்டையும் இஸ்தான். அன்னிக்கு சாயங்காலமே ஊர்க்கூட்டம் போட்டாங்க. பொம்பள ஓட்டுற பொணத்த நம்பி இனிமே போட்ட உட முடியாது, சாவிய தம்பிகிட்ட குடுத்துட்டு வூட்ல குந்துன்னு பெருசுங்க சொன்னாங்க.

ரஷீது: நீ இன்னா சொன்ன?

அங்கம்மா: எயுந்து நின்னேன். வெள்ளிக்கெயம வரைக்கும் டைம் குடுங்க, ஆறு போட்டையும் ஒண்டியா இஸ்து காட்றேன். ஒண்ணு நின்னாலும் சாவிய நானே அவன் கைல வெச்சிட்றேன்னு சொன்னேன்.

ரஷீது: வெள்ளிக்கெயமன்னா… நாளைக்கா?

அங்கம்மா: நாளைக்கு.

ரஷீது: ஏங்க்கா இந்த பேஜாரு. உட்டு குடுத்துட்டு நிம்மதியா காசிமேட்டாண்ட போய் மீன் வித்துகினு…

அங்கம்மா: என் புருசன் செத்து பதினாறாம் நாளே பிரகாஷு வந்து சாவிய கேட்டான். கண்ணுல தண்ணி நிக்காத நாளு அது. அன்னிக்கே குடுக்கல. இன்னிக்கு குடுப்பனா? உள்ள குந்தி ஸ்டார்ட் பண்றேன், நீ கேளு.

ரஷீது: ஐட்லிங் ஸ்குரூவ ஒரு சுத்து திருப்பி உட்றேன். சரியாயிடும்.

அங்கம்மா: திருப்பினா சத்தம் ஏறும், நோவு போவாது. எங்கியோ இஞ்சினு வெளிக்காத்த உறிஞ்சிகினு கீது.

ரஷீது: இத்தெல்லாம் உனக்கு யாருக்கா சொன்னா?

அங்கம்மா: போன்ல பாத்தேன். எந்த நாட்டுக்காரனோ, பேசறது ஒரு எய்வும் பிரியல. கைல பண்றது பிரிஞ்சிச்சு. கார்பரேட்டர்லேர்ந்து காத்து உறிஞ்சற ரப்பர் டியூபு கீதே, வாக்குவம் ஓஸு, அத்த ஒவ்வொண்ணா பிளையர்ல அமுக்கறான். எத்த அமுக்கினா இஞ்சினு ஒயுங்கா ஓடுதோ, அதுல ஓட்டை.

ரஷீது: அப்ப கடைய நீயே நடத்து. நான் போய் போட்டு இஸ்கறேன்.

அங்கம்மா: ரெண்டு கிலோமீட்டர் மண்ல நடந்தாலே நீ படுத்துக்குவ. பிளையர எடு. துணி சுத்திக்கோ, ஓஸு கிய்யாம.

ரஷீது: எடுத்தாச்சு. மொதல்ல எது?

அங்கம்மா: பிரேக்குக்கு போற பெருசு. அமுக்கு.

ரஷீது: அமுக்கிட்டேன். மாறல.

அங்கம்மா: உடு. அடுத்தது, டிஸ்ட்ரிபூட்டருக்கு போறது.

ரஷீது: இதுவும் மாறல.

அங்கம்மா: அத்த கய்ட்டி வாய்ல வெச்சி உறிஞ்சு.

ரஷீது: இன்னாது?

அங்கம்மா: உறிஞ்சிட்டு நாக்க வெச்சி அடை. நாக்கு ஒட்டிகினு நின்னா உள்ள கீற ரப்பரு நல்லாகீதுன்னு அர்த்தம்.

ரஷீது: கலீஜா கீதுக்கா… பெட்ரோல் நாத்தம்.

அங்கம்மா: நான் முந்தாநேத்து உறிஞ்சினேன். செத்துடல.

ரஷீது: …ஒட்டுது. நல்லாகீது.

அங்கம்மா: மாட்டு. மூணாவது, ஏர் ஃபில்டராண்ட போறது.

ரஷீது: அமுக்கறேன்… ஊஹும். அதே ஏத்த எறக்கம் தான். நான் தான் மொதல்லயே சொன்னனே, ஓஸெல்லாம் நல்லாகீது. கார்பரேட்டரு தான் காலி. அந்த மாடலு இப்ப கெடைக்காது. நாளைக்கு ஒண்ணும் ஆவாது.

அங்கம்மா: நாலாவது?

ரஷீது: மூணு தான்க்கா.

அங்கம்மா: கார்பரேட்டருக்கு பின்னாடி, அடில ஒண்ணு போவுதே. சுண்டு விரலு தடிமன்ல.

ரஷீது: அங்க கை போவாது. இஞ்சினு வேற சூடா கீது.

அங்கம்மா: சனிக்கெயம போச்சே. அமுக்கு ரஷீது.

ரஷீது: அக்கா, வேணாம்… கை சுடுது.

அங்கம்மா: சுடட்டும். அமுக்கு.

ரஷீது: …அமுக்கிட்டேன்.

அங்கம்மா: கேட்டியா? தையல் மெசின் மாறி ஓடுது. ஏறல, எறங்கல. இப்ப ஆஃப் பண்றேன். அத்த கய்ட்டி எங்கிட்ட குடு.

ரஷீது: பழைய ரப்பருக்கா. உங்க ஊரு உப்புக்காத்து, வெயிலு… வெடிச்சிகீது. புச்சு போட்டா தீந்துச்சு. தோ, இங்கயே கீது…

அங்கம்மா: வெடிச்சா கோணலும் மாணலுமா வெடிக்கும். இத்த பாரு. ஸ்கேல் வெச்சி கோடு போட்ட மாறி கீது. அதுவும் மேல இல்ல, கண்ணுக்கு தெரியாத அடிப்பக்கமா. பிளேடு ரஷீது. சனிக்கெயமைக்கு அப்பால இந்த பேனட்ட தொறந்தது நான் ஒருத்தி தான். அதுக்கு முன்னாடி தொறந்தது நீ.

ரஷீது: வண்டி ரெண்டு நாளு மண்ல நின்னா போதும்னான் பிரகாஷு. யாருக்கும் அடி படாதுன்னு சத்தியம் பண்ணான். அண்ணி ஒண்டியா அலைமேல கயிறு கட்டிகினு கீறாங்க, ஒரு நாளு இல்ல ஒரு நாளு செத்துடுவாங்க, அவங்க நல்லதுக்கு தான்னு சொன்னான்… பிரேக் ஓஸ தொட மாட்டேன்னு சொல்லி தான் ஒத்துகினேன். பாஸ்கல் காலு… அல்லா மேல ஆணையா எனக்குத் தெரியாதுக்கா.

அங்கம்மா: அவன் சொன்னா நீ அறுத்துடுவியா? நாலு வருசமா இந்த வண்டிய நீ தான பாத்துகினு கீற.

ரஷீது: அவன் கேட்டு நான் முடியாதுன்னு சொல்ல முடியாது.

அங்கம்மா: ஏன்?

ரஷீது: அந்த டிசம்பர்ல வெள்ளம் வந்துச்சே. நான் ஒரு லாரி வேலையா நெல்லூர் போய் மாட்டிகினேன். வியாசர்பாடி வூட்ல எங்கம்மா ரஹீமுன்னிசா ஒண்டியா. இடுப்பளவு தண்ணி. கட்டில் மேல ஸ்டூல போட்டு ரெண்டு நாளு அதுலயே குந்திகினு கீது. போனு எடுக்கல. செத்துட்டாங்கன்னே நெனச்சிட்டேன். பிரகாஷு தான் போட்ல சந்துக்குள்ள போய் தோள்ல தூக்கினு வந்தான். அப்பால யாரோ ஆஸ்பத்திரில சேத்தாங்க. இன்னிக்கும் அம்மா துவா பண்ணும்போது அவன் பேர சொல்லும். ரஹீமுன்னிசாவோட புள்ளைக்கா நானு… அவன் ஒண்ணு கேட்டா, எப்டி?

அங்கம்மா: சரி. புது ஓஸ மாட்டு.

ரஷீது: மாட்றேன். ஆனா…

அங்கம்மா: மொதல்ல மாட்டு. கிளிப்ப இறுக்கு. நாளைக்கு ஆறு போட்டு இஸ்கணும்.

ரஷீது: …மாட்டிட்டேன். ஸ்டார்ட் பண்ணுங்க. ஃபர்ஸ்ட்ல போட்டு, கால எடுத்துட்டு, கிளட்ச்ச மட்டும் மெதுவா உடுங்க… போவுது. தானா நவுருது பாருங்க.

அங்கம்மா: இன்னா திடீர்னு வாங்க போங்க?

ரஷீது: தெரியல. வாய்ல வந்துச்சு. நாளைக்கு நான் எண்ணூர் வர்றேன்க்கா. ஊர்க்கூட்டத்துல அல்லார் முன்னாடியும் நான் தான் அறுத்தேன்னு சொல்லிட்றேன்.

அங்கம்மா: ஊருக்கு நீ ஒண்ணும் சொல்ல வேணாம். ஊருக்கு வண்டி சொல்லும். நீ பாஸ்கல் வூட்டுக்கு போ. அவன் கால பாத்துகினு அத்த சொல்லு.

ரஷீது: போறேன். …இது பிளேடுன்னு உனக்கு எப்ப தெரியும்?

அங்கம்மா: செவ்வாக்கெயம மத்தியானம்.

ரஷீது: அப்ப ஒரு சாண் ஓஸு. நீயே மாத்திகினு இருக்கலாம். இல்ல, போலீஸுக்கு போயிருக்கலாம். இங்க வந்து, மூணு ஓஸ என்ன நோண்ட வெச்சி…

அங்கம்மா: அறுத்த கையே மாத்தணும். அதுக்கு தான் வந்தேன். நீயா சொல்லுவியான்னும் பாத்தேன். மூணு ஓஸ் வரைக்கும் டைம் குடுத்தேன்.

ரஷீது: என்ன இன்னா வேணா திட்டுக்கா. ஆனா நீயே சொல்லு. பெத்தவள தூக்கினு வந்தவன எப்டி மறக்கறது?

அங்கம்மா: மறக்காத. தண்ணில எறங்கி தூக்கினது அவன் தான், அத்த இல்லன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா எண்ணூர்லேர்ந்து வியாசர்பாடி வரைக்கும் அந்த போட்டு இன்னா நடந்தா வந்துச்சு? டிரெய்லர்ல ஏத்தி இந்த ஜீப்பு தான் இஸ்துகினு வந்துச்சு. ஃபேன் சுத்தி இஞ்சின் மேல தண்ணி அடிக்காம பெல்ட்ட கய்ட்டி போட்டுட்டு, பேனட்டு வரைக்கும் தண்ணில ஓட்டினது நானு. அவரு செத்து அப்ப நாலு மாசம். புருசன் போனவ வண்டி ஓட்டினான்னு வெளிய தெரிஞ்சா அசிங்கம் அண்ணின்னு பிரகாஷு சொன்னான். நானும் வாய தொறக்கல. உங்கம்மாவ இந்த முன்சீட்ல குந்த வெச்சி ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போனேன். வயி பூரா என் கைய புடிச்சிகினு, உன் பேரு இன்னாம்மா, பேரு இன்னாம்மான்னு கேட்டுகினே வந்தாங்க. கியர் போடணும், கைய உடுங்கன்னு சொன்னேனே தவிர, பேர சொல்லல. இன்னிக்கு வூட்டுக்கு போனதும் நீ சொல்லு ரஷீது. அங்கம்மான்னு சொல்லு.