பதிவில் இருக்கும் பெயர்

மகேஸ்வரன்: ...அதான் சொல்றேன், தப்பான நம்பர் எடுத்திருக்க. கல்யாணம் ஆகலன்னு லெட்டர் வாங்குறவங்கல்லாம் அந்தப் பக்கம் உக்காந்திருக்காங்க பாரு.

பிரேமலா: சரியாத்தாம்ப்பா எடுத்திருக்கேன்.

மகேஸ்வரன்: எங்க சரி? வாசல்ல நிக்கிற மலாய்க்காரம்மாகிட்ட கேட்டுட்டேன். இது கல்யாணம் பதிஞ்ச பத்திரம், அந்த சிஜில் காணாமப் போனவங்களுக்காம். ஒனக்கு எங்க...

பிரேமலா: அவங்ககிட்டல்லாம் எதுக்குப் போயி கேக்குறீங்க?

மகேஸ்வரன்: கேட்டா என்ன? இத்தினி வருஷம் பக்டரி பஸ் ஓட்டியிருக்கேன். வழி கேக்க வெக்கப்பட்டா ஆவுமா?

பிரேமலா: கீழ ரொட்டி சானாய் கடை இருக்கு. போயி பசியாறிட்டு வாங்களேன்.

மகேஸ்வரன்: நான் வீட்டுலயே பசியாறியாச்சு. நீதான் ஒண்ணும் தொடல. கல்யாணச் சேலை எடுக்கப் போன எடத்துலயும் அப்படித்தான், எதக் காட்டினாலும் சரி சரிங்குற. மாப்பிள்ள ஜீவனோட அம்மா என்னைய ஒரு மாதிரி பாத்தாங்க.

பிரேமலா: முப்பத்தஞ்சு வயசுல குதிச்சுக் குதிச்சு சேலை எடுக்கச் சொல்றீங்களா?

மகேஸ்வரன்: குதிச்சாதான் என்ன? ஒங்கம்மா இருந்திருந்தா ஒனக்கும் சேத்து அவ குதிச்சிருப்பா.

பிரேமலா: ...நீங்க வர வேணான்னு சொன்னேன்ல.

மகேஸ்வரன்: செடெனாக்லேருந்து ஜேபி டவுன் பதிவு ஆபீஸுக்கு நீ பஸ் மாறி மாறி வருவ, நான் வீட்டுல டிவி பாத்துட்டு இருக்கணுமா? காடி சும்மாதானே நிக்குது, ஓட்டிட்டு வந்தா என்ன?

பிரேமலா: ப்பா...

மகேஸ்வரன்: என்ன?

பிரேமலா: ஒண்ணு சொல்லணும். சத்தம் போடக் கூடாது.

மகேஸ்வரன்: நான் என்னிக்கி சத்தம் போட்டிருக்கேன்?

பிரேமலா: போட்டதில்லதான். அதான் பயமா இருக்கு.

மகேஸ்வரன்: சொல்லு.

பிரேமலா: அந்த லெட்டர எனக்குக் குடுக்க மாட்டாங்கப்பா. கல்யாணம் ஆகலன்னு.

மகேஸ்வரன்: ஏன்?

பிரேமலா: ஆயிருச்சி.

மகேஸ்வரன்: நீ மொதல்ல சொல்லி முடி.

பிரேமலா: ரூபேந்திரன்னு... என்கூட படிச்சாருல்ல. மோட்டர் சைக்கிள்ல சிங்கப்பூருக்கு வேலைக்குப் போயிட்டு வந்துட்டு இருந்தாரு.

மகேஸ்வரன்: லாபிஸ்காரன்.

பிரேமலா: அவருதான். அப்ப அம்மா தவறி வருஷம் திரும்பல. வீட்டுல எந்த நல்ல காரியமும் பேசக் கூடாதுன்னு அத்தைங்க சொல்லிட்டாங்க. அவரு மலிவு விலை வீட்டுக்கு மனு போட்டிருந்தாரு. கல்யாணம் பதிஞ்சிருந்தா சீக்கிரம் கெடைக்கும்னாங்க. இப்பப் பதிஞ்சி மட்டும் வைப்போம், வருஷம் முடிஞ்சதும் அப்பாகிட்ட வந்து முறையா கேக்குறேன், கோயில்ல தாலி கட்டிக்கலாம்னாரு...

மகேஸ்வரன்: எங்க பதிஞ்சீங்க?

பிரேமலா: பொந்தியான்ல. நம்ம பக்கம்னா யாராச்சும் பாத்துருவாங்க. ஒங்க பஸ்ஸுல ஏறாத ஆளு கூலாய்ல யாரு இருக்கா?

மகேஸ்வரன்: சாட்சி?

பிரேமலா: அவரு கூட்டாளிங்க. முடிச்சிட்டுக் கடலோரமா ஒரு கடையில மீ நூடுல்ஸ் சாப்பிட்டோம். எனக்கு மத்தியான ஷிப்டு, நேரா வேலைக்குப் போயிட்டேன். அவ்ளோதான் கல்யாணம்.

மகேஸ்வரன்: படம் ஒண்ணும் புடிக்கலியா?

பிரேமலா: அவரு போன்ல புடிச்சோம். லாரி மோதி அவரு தவறினப்ப அந்தப் போனும் போச்சி.

மகேஸ்வரன்: ம்...

பிரேமலா: பதிஞ்சி நாலு மாசங்கூட ஆகலப்பா. ரெண்டு பேரு சிஜிலும் அவருகிட்டதான் இருந்துச்சி. எங்கிட்ட இருந்தா நீங்க பாத்துருவீங்கன்னு குடுத்து வெச்சேன். அவரு போனதுக்கப்புறம் யாருகிட்ட போயி கேக்குறது? நான் யாருன்னு சொல்லிக் கேக்குறது?

மகேஸ்வரன்: அதான் இப்பப் பதிவத் தேடிப் பாக்க வந்திருக்க.

பிரேமலா: ஆமா. அந்தப் பதிவையும் அவரோட சாவு சிஜிலையும் சேத்துக் குடுத்தாதான் திரும்பப் பதிய முடியுமாம். விசாரிச்சிட்டேன்.

மகேஸ்வரன்: ஜீவனுக்கு?

பிரேமலா: பேச ஆரம்பிச்சப்பவே சொல்லிட்டேன். இன்னிக்கிக் கூட வர்றேன்னாரு. நான்தான் வேணான்னேன்.

மகேஸ்வரன்: ஜீவன் அம்மாவுக்கு?

பிரேமலா: அவரே சொல்லிட்டாராம். அதான் சேலைக் கடையில ஒங்கள அப்படிப் பாத்திருப்பாங்க. ஒங்களுக்கும் தெரியும்னு நெனச்சிருப்பாங்க.

மகேஸ்வரன்: அப்ப நான் ஒருத்தன்தான் பாக்கி.

பிரேமலா: மன்னிச்சிருங்கப்பா.

மகேஸ்வரன்: நம்பர் கூப்பிடுறாங்க பாரு. எழுந்திரு.

லோஷினி: உக்காருங்கக்கா. ஐயா, நீங்களும் உக்காருங்க, நாற்காலி இருக்கு. தமிழ்லயே பேசலாம், என் பேரு லோஷினி. கல்யாணப் பதிவு தேடணுமா, இல்ல சிஜில் நகல் மட்டும் போதுமா?

பிரேமலா: தேடணும். இருந்தா நகலும் வேணும்.

லோஷினி: ஒங்க ஐசி, அடையாள கார்டு குடுங்க. வீட்டுக்காரர் ஐசி இருக்கா?

பிரேமலா: ஐசி இல்ல. நம்பர் எழுதியிருக்கேன். இந்தாங்க.

லோஷினி: போதும்லா. எங்க பதிஞ்சீங்க?

பிரேமலா: பொந்தியான். ரெண்டாயிரத்துப் பதிமூணு. ஆனா இவ்ளோ வருஷம் ஆச்சே, இன்னும் வெச்சிருப்பீங்களா?

லோஷினி: எங்கக்கா போயிரும்? இருங்க... கொஞ்சம் மெதுவா வருது... ஆங், இருக்கு. ரூபேந்திரன், பிரேமலா. ரெண்டு பேரு பேரும் சரியா இருக்கு.

பிரேமலா: இன்னொரு தடவ சொல்லுங்க.

லோஷினி: ரூபேந்திரன், பிரேமலா. ஏங்க்கா, எழுத்து எதாச்சும் தப்பா? அலமாக், ஐயோ... ஏன் அழுவுறீங்க?

பிரேமலா: இல்ல, ஒண்ணும் தப்பில்ல. அந்த ரெண்டு பேரையும் சேத்து யாரும் சொல்லிக் கேட்டதே இல்ல. அதான்.

லோஷினி: டிஷ்யூ எடுத்துக்குங்க. வீட்டுக்காரரு வரலியா இன்னிக்கி?

மகேஸ்வரன்: அவரு தவறிட்டாரும்மா.

லோஷினி: ஐயோ, தெரியாமக் கேட்டுட்டேன்...

பிரேமலா: பரவால்ல. இப்ப நான் திரும்பப் பதியணும். அதுக்குத்தான்.

லோஷினி: அப்படின்னா அவரோட சாவு சிஜிலும் வேணுங்க்கா. ஒங்ககிட்ட இருக்கா?

பிரேமலா: இல்ல. அவங்கம்மாகிட்டதான் இருக்கும். லாபிஸ்ல.

லோஷினி: அவங்ககிட்ட வாங்கிட்டு வந்துருங்க. முடியலன்னா அதுக்கும் இங்கயே மனு போடலாம். இந்த நகல் இப்பவே தர்றேன். இங்க ஒரு கையெழுத்து... ஐயா யாரு, ஒங்க அப்பாவா?

மகேஸ்வரன்: ஆமாம்மா.

லோஷினி: நல்லவேளை, கூட வந்தீங்க.

மகேஸ்வரன்: ...பாத்து வா, படி ஈரமா இருக்கு. அந்த நகல எங்கிட்ட குடு, மழயில நனஞ்சிரப் போவுது. சட்டைக்குள்ள வெச்சிக்கிறேன்.

பிரேமலா: இந்தாங்க.

மகேஸ்வரன்: மழ விட்டதும் நேரா லாபிஸுக்கே போயிருவோம். சாயந்தரத்துக்குள்ள திரும்பிறலாம்.

பிரேமலா: வேணாம்ப்பா. இங்கயே மனு போட்டுக்கலாம்னு அந்தப் பொண்ணு சொன்னுச்சில்ல.

மகேஸ்வரன்: இன்னொரு கல்யாணம் பண்ணப் போற. அவங்கள ஒரு வார்த்த கேக்காம எப்படி?

பிரேமலா: கேக்குறதுக்கு நான் யாருப்பா அவங்களுக்கு? மகன் போயி இத்தினி வருஷம் கழிச்சி, நான்தான் ஒங்க மருமகள்னு அந்தம்மா முன்னால போயி நிக்கச் சொல்றீங்களா? நெஞ்சு தாங்குமா அவங்களுக்கு?

மகேஸ்வரன்: அவங்களுக்குத் தெரியும்.

பிரேமலா: என்ன தெரியும்?

மகேஸ்வரன்: நீ மருமகள்னு. சாவு வீட்டுல அத்தினி பொம்பளைங்க இருந்தாங்க. ஒன்னைய மட்டும் ஏன் கைப்புடிச்சு உள்ள கூட்டிட்டுப் போயி தலமாட்டுல உக்கார வெச்சாங்கன்னு நெனச்ச?

பிரேமலா: ...கூட படிச்ச பொண்ணு அழுவுதேன்னு... யாரு சொன்னா அவங்ககிட்ட?

மகேஸ்வரன்: நான்தான்.

பிரேமலா: நீங்களா?

மகேஸ்வரன்: ஊருக்கெல்லாம் சொல்ல வேணாம், ஒரு ஓரமா உக்காந்து அழுதுக்கட்டும்னு கேட்டுக்கிட்டேன். ஓரத்துல வேணாம், என் பக்கத்துல வேணும்னு சொன்னாங்க.

பிரேமலா: ஒரு வார்த்த எங்கிட்ட... மாப்பிள்ள பாக்கலன்னு அத்தைங்க ஒங்களக் கண்டபடி ஏசினாங்களே. அப்பகூட நீங்க வாயத் தொறக்கல.

மகேஸ்வரன்: நீ சொல்லாதத நான் எப்படிம்மா சொல்றது?

பிரேமலா: ஆனா ஒங்களுக்கு எப்படித் தெரிஞ்சுச்சி? அன்னிக்கிப் பக்டரி வாசல்ல வந்து நின்னு, ஒன் கூட்டாளிக்கு ஆக்சிடென்ட்டாம், வான்னுதானே கூட்டிட்டுப் போனீங்க?

மகேஸ்வரன்: ஒங்கிட்ட அப்படித்தான் சொன்னேன். நீ வேலையில இருந்த, ஒன் போன் அடைச்சிருந்துச்சி. அதனால அவரு பர்ஸுல எழுதி வெச்சிருந்த நம்ம வீட்டு நம்பருக்கு ஆஸ்பத்திரியிலேருந்து அடிச்சாங்க. ஒன் பேரச் சொல்லிக் கேக்கலம்மா. ரூபேந்திரனோட பொண்டாட்டி இருக்காங்களான்னு கேட்டாங்க. இருக்கா, இப்பக் கூட்டிட்டு வர்றேன்னு சொன்னேன்.