மாத்த ஏலாத ரெண்டு விதி

— செத்துப்போன மனுசனையும் ஒதுக்கி வைக்கலாமோ, நீங்களே சொல்லுங்கோ?

— கோவிக்காதேங்கோ, இரத்தினேஸ்வரி. உங்கட மனுசன் யோகலிங்கம் எனக்கும் கூட்டாளிதான். ஆனா நான் மீன்பிடிச் சங்கத்துச் செயலாளர். சங்கத்து விதிக் கொப்பியில கிடக்கிறதைத்தான் சொல்ல ஏலும்.

— வாசியுங்கோ பாப்பம், பாக்கியண்ணை.

— ‘ஏழாவது விதி. டைனமைட் போட்டு மீன் பிடிப்பவரின் வீட்டுத் திருமணம், மரணம் முதலிய நன்மை தின்மைக்கு அங்கத்தவர் எவரும் செல்லக் கூடாது. இவ்விதி எக்காலத்திலும் மாற்றப்படாது.’

— அவர் போட்டது ஒரேயொருக்கா.

— அந்த ஒருக்காவிலதான் பக்கத்தில நிண்ட லதீசன்ர வலக்கை போனது.

— கை போன லதீசனே முந்தநாள் ஆஸ்பத்திரியில வந்து பாத்திட்டுப் போனவன்.

— ஆஸ்பத்திரி வீடில்லைத்தானே.

— அடேயப்பா, என்ன மூளை! நாளைக்குக் காலமை பிரேதத்தை எடுக்கோணும். மகளுக்கு டோஹாவில லீவு குடுக்கேல்ல. ஆம்பிளை எண்டு என்ர தம்பி ஒராள்தான். பெட்டியை ஆர் தூக்கிறது? ஒரு நாளைக்கு அந்த விதியை நிப்பாட்டுங்கோவன்.

— கடைசி வரி விடாது, தங்கச்சி.

— அந்தக் கோதாரி வரியை ஆர் எழுதினது?

— எழுதினது நான். சேர்க்கச் சொன்னது உங்கட மனுசன். ‘மாத்தலாமெண்டு விட்டா ஆளாளுக்கு மாத்துவாங்கள்’ எண்டு கூட்டத்தில எழும்பி நிண்டு சொன்னவர். கையெழுத்தும் கிடக்கு. பாக்கிறீங்களோ?

— வேண்டாம்... முதலாவது விதி என்ன?

— கரையில ஒரு சாவு விழுந்தா, எடுக்கிற அண்டைக்கு ஒரு போட்டும் கடலுக்கு இறங்கப்படாது.

— அதுவும் மாத்த ஏலாததோ?

— ஓம்.

— டைனமைட் போட்டவனைத் தவிர எண்டு ஏதும் கிடக்கோ? வடிவாப் பாருங்கோ.

— பாத்திட்டன். இல்லை. ஆனா தங்கச்சி, இப்பதான் சூடை மீன் நல்லாப் படுது. முப்பத்தொரு போட். என்னைத் தின்னுவாங்கள்.

— திட்டினா நீங்களும் கொப்பியைக் காட்டுங்கோ.

— அதைத்தான் செய்யோணும். எனக்கு ரெண்டு விதியும் ஒண்டுதான்.

*

— அம்மா, நான் பிரசாந்தி, டோஹாவில இருந்து. அப்பாவை எடுத்தாச்சோ?

— இப்பதான் எடுத்தம் பிள்ளை. உன்ர மாமா பெட்டியை முன்னுக்குப் பிடிச்சவர், நான் பின்னுக்கு.

— நீங்களோ! ஏன், கரையில ஆக்களில்லையோ?

— எல்லாரும் நிண்டவங்கள். விடிய ஒரு போட்டும் கடலுக்கு இறங்கேல்ல. எங்கட வீட்டுப் படலைக்குள்ள ஒரு ஆளும் வரேல்ல.