வாசலைப் பார்ப்பதை விட்டவர்

ஓய்வு பெறும் தொழிலாளி விண்ணப்பித்தால் தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் சில மாதங்கள் கூடுதலாகத் தங்கலாம். ஓய்வு நாளுக்கு முன்பே அதற்குப் பதில் தரவேண்டும். விதி நல்ல விதிதான். தொண்ணூறுகளில் ஒரு நாள் ரயிலில், ஆவடியில் ஏறிய தம்பதி எனக்கு எதிரே உட்கார்ந்தார்கள்.

“புள்ளையவே வுட்டுட்டியா?” என்றார் கணவர்.

“புள்ளைய வுடல. வருவான்னு வாசலைப் பாத்துகினு இருந்தத வுட்டுட்டேன். அதுக்கே இத்தினி வருசம் ஆச்சு.”

“கோச்சிகினு போனவனுக்கு இந்த ஊடு ஒண்ணுதான் தெரியும். இன்னும் கொஞ்ச மாசம் இங்கியே இருக்க ஆபீசுக்கு எழுதிப் போட்டிருக்கேன், பதில் வரட்டும்.”

“புத்தர் படத்துக்கு முன்னால தினம் கண்ண மூடிகினு இன்னாத்துக்கு உக்காந்தேன், தூங்கவா? மாசக் கடைசில நீ ரிட்டையர் ஆவுற. அன்னிக்கே சாவியக் குடுத்துட்டு நெமிலிச்சேரி போறோம்.”

“உன் புத்தரே ஊட்ட வுட்டு ஓடுனவருதான்.”

“ஆமா. அரண்மனையப் புடிச்சிகினு உக்காந்தது அவரு அப்பன்.”

அடுத்த மாதம் அதே ரயிலில் கணவர் மட்டும் நண்பரோடு வந்தார்.

“பர்மிஷன் வந்துச்சு மாமே. பழைய விலாசத்துக்குத்தான் போட்டிருந்தாங்க. அங்க புதுசா குடிவந்தவங்க விசாரிச்சு நெமிலிச்சேரிக்கு அனுப்பி வுட்டாங்க.”

“தங்கச்சி இன்னா சொல்லிச்சு?”

“கடுதாசியே வழி கேட்டுகினு வந்துருச்சு, புள்ளைக்கு வாய் இல்லியான்னுட்டு சோறு வடிக்கப் போயிட்டா.”

“எப்ப வந்துச்சு?”

“புத்த பௌர்ணமிக்கு மறுநாள். பௌர்ணமியன்னிக்கே வந்திருக்கும், போஸ்டாபீஸ் லீவாச்சே.”