விதை தீரும் வரை

என் பெயர் வெதூரியா சியோபொத்தாரு. வயது நாற்பத்தொன்று. தகப்பனார் பெயர் காவ்ரில். ஃபொக்ஷானி நகரில் ரயில் நிலையத்துக்குப் பின்தெருவில் குடியிருக்கிறேன். ருமேனிய ராணுவத்தில் சார்ஜென்ட். பத்தொன்பது வருடச் சேவையில் பதினோரு வருடம் இயந்திரத் துப்பாக்கிப் பயிற்சியாளர். கேப்டன் ஹொராட்சியு பெந்தெயாவின் இடது மணிக்கட்டு முறிந்தது குறித்து, விசாரணை அதிகாரியாகிய தங்கள் முன் சொல்கிறேன். இதைச் சொல்லும்படி யாரும் என்னை மிரட்டவில்லை. மிரட்டியிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன்.

செப்டம்பர் பதினான்காம் தேதி காலை குன்றடிச் சுடுதளத்தில் ரிசர்வ் ஆட்களுக்குப் பயிற்சி நடந்தது. முதல் துப்பாக்கியில் பாவெல் ஒப்ரிஷான் படுத்திருந்தார். ஊரில் ரொட்டி சுடுபவர். இரண்டு தோட்டாப் பட்டைகளைச் சுட்டு முடித்திருந்தார்; மூன்றாவதன் பாதியில் விசையை அழுத்தியும் துப்பாக்கி வெடிக்காமல் நின்றுவிட்டது. "மேடம், நின்னுபோச்சு. குழல் என் அடுப்பாட்டம் கொதிக்குது" என்றார்.

சூடேறிய குழலுக்குள் வெடிக்காத தோட்டா மாட்டிக்கொண்டால், விசையைத் தொடாமலே அது வெடிக்கலாம். அந்த நேரம் துப்பாக்கியின் மேல்மூடியைத் திறந்தவன் தன் முகத்தை மறந்துவிட வேண்டியதுதான். ஆகவே துப்பாக்கியைக் குன்றைப் பார்த்தபடியே விட்டுவிட்டு, பத்து நிமிடம் யாரும் கிட்டே போகக் கூடாது. ஆனால் சும்மா உட்காரச் சொன்னால் மூன்றாம் நிமிடமே ஒருவன் எழுந்துவிடுவான். அதனால் தரையில் போட்ட வெள்ளை எல்லைக் கோட்டுக்குப் பின்னால் எல்லாரையும் உட்காரவைத்து, ஆளுக்கு இரண்டு கை சூரியகாந்தி விதை கொடுப்பேன். ஒவ்வொன்றாகக் கொறிக்க வேண்டும், தீரும் வரை எழக் கூடாது. கடிகாரத்தை நான் பார்த்துக்கொள்வேன். இது எந்தக் கையேட்டிலும் இல்லை, என் பழக்கம்.

அன்றும் அப்படியே உட்காரவைத்தேன். நான்காவது நிமிடம் கேப்டன் வந்தார்.

"என்ன இது, சினிமா கொட்டகையா? பார்வையிட வர்ற ஜெனரலோட கார் கேட்டுக்கு வந்தாச்சு, நீங்க விதை கொறிச்சுக்கிட்டு இருக்கீங்க!"

"சார், உள்ள தோட்டா இருக்கு. இன்னும் ஆறு நிமிஷம்."

"நீங்க எனக்குப் பாடம் எடுக்காதீங்க. மூடியத் திறந்து தோட்டாவ எடுத்துட்டு, துப்பாக்கிய வரிசையில வைக்கணும், அவ்வளவுதானே? நானே பண்றேன்."

சிவப்புக் கொடி ஏறியிருக்கும்போது கோட்டைத் தாண்ட ஜெனரலுக்கும் உரிமை கிடையாது. கேப்டன் தாண்டினார். இரண்டு முறை கத்தினேன். அவர் மண்டியிட்டு மூடியில் கை வைத்தார். அதன் பிறகு நான் ஓடிப்போய் அவர் இடுப்புப் பட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன். விழுந்தார், மணிக்கட்டு முறிந்தது. கால் இடறியது, கை தவறியது என்றெல்லாம் எழுத வேண்டாம். நான்தான் இழுத்தேன், பலம் கொண்ட மட்டும் இழுத்தேன்.

அதன் பிறகு அவரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நான் கோட்டுக்குப் பின்னால் வந்து மீதி விதையைக் கொறித்தேன். நேரம் முடிந்ததும் நானே போய்த் திறந்து தோட்டாவை வெளியே எடுத்தேன். சுடும் ஊசி குத்திய தடம் அதில் இருக்கிறது; குத்தியும் வெடிக்காமல் நின்ற தோட்டா அது.

"வெடிக்கவே இல்லையே, அப்புறம் என்ன ஆபத்து?" என்று தாங்கள் கேட்டீர்கள். வெடிக்காது என்பது எனக்குப் பத்து நிமிடம் கழித்துத்தான் தெரிந்தது. கேப்டனுக்கு நாலாவது நிமிடமே எப்படித் தெரிந்தது என்று அவரைக் கேளுங்கள்.

நேற்று அவர் கட்டுப்போட்ட கையோடு என் முகாம் அறைக்கு வந்தார். "வருந்துறேன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க, புகாரை வாபஸ் வாங்கிக்கறேன். இல்லேன்னா உங்க பதவி போயிடும். சுடுதளத்துப் பக்கமே தலைகாட்ட முடியாது" என்றார். அந்த வேலையை விட்டால் எனக்கு வேறொன்றும் தெரியாது.

"கை வலிக்குதா சார்?" என்று கேட்டேன்.

"வலிக்காம? ராத்திரியெல்லாம் தூக்கமில்ல."

"கை இருக்கு, அதான் வலிக்குது" என்றேன். அவர் போய்விட்டார்.

மேலே உள்ளது முழுவதும் நான் சொன்னது, நடந்தது. படித்துக் காட்டக் கேட்டேன். கடைசியில் 'செய்ததற்கு வருந்துகிறேன்' என்று எழுத்தர் வழக்கப்படி சேர்த்திருந்த வரியை என் கையாலேயே அடித்துவிட்டேன். அடித்த இடத்தில் ஒரு கையெழுத்தும் இங்கே ஒரு கையெழுத்தும் இட்டிருக்கிறேன்.

(ஒப்பம்) வெ. சியோபொத்தாரு, சார்ஜென்ட்